இல்லாத பிள்ளைக்குப் பிறந்தநாள் காணிக்கை

எனக்குப் பிறந்தநாள் கிடையாது. பிறந்தேன், அது நிச்சயம். என்றைக்கு என்று குறித்துவைக்கத்தான் வீட்டில் ஒருத்தருக்கும் எழுத்துத் தெரியாது. நானும் பள்ளிக்கூடம் போய் அந்தக் குடும்ப வழக்கத்தைக் கெடுக்கவில்லை. பிற்பாடு கோவில் பாட்டுப் புத்தகத்தை வைத்துத்தான் எழுத்துக்கூட்டப் பழகினேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. அந்த வாரம் பிறந்தநாள் வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை முன்னால் போய்க் காணிக்கை போட்டு முழங்கால்படியிடுவார்கள். போதகர் தலையில் கைவைத்து, போன வருஷத்துக்கு நன்றி சொல்லி, இன்னும் ஆயுசைக் கூட்டித் தரும்படி ஜெபிப்பார். எனக்குத்தான் நாள் தெரியாதே, தோன்றிய வாரமெல்லாம் போய் நிற்பேன். ஒரே வருஷத்தில் மூன்று முறை போனதும், என்னோடு விசைத்தறி ஓட்டும் அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"ஏலே, ஒனக்கு இப்பம் நூறு தாண்டியிருக்குமே?"

"அதான் பல்லெல்லாம் ஆடுது அண்ணாச்சி."

என் மனைவி வேறு மாதிரி. கூரை ஒழுகினால், "ஒரு மூலதான ஒழுகுது. மூணு மூல காஞ்சு கெடக்குல்லா, ஸ்தோத்திரம்" என்பாள்.

"ஒழுகுத மூலைல படுக்கவன் நான்லா" என்பேன். எங்கள் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு ஐந்து வருஷம் வீட்டில் இருந்தது. ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாலாம் நாள், துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம்.

தை மாதம் அவள் பிறந்தநாள் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அரிசி களைந்துகொண்டே மனைவி சொன்னாள்.

"நாளைக்குக் காணிக்கை போடணும்ங்க."

"யாருக்கு?"

"பிள்ளைக்குத்தான்."

"ஏட்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பிள்ளை எங்க இருக்கு?"

"அஞ்சு வருசம் நம்ம கையில இருந்தால்லா, அதுக்கு நன்றி சொல்லாண்டாமா? எடுத்துக்கிட்டாருன்னே நெனச்சுக்கிட்டு இருந்தா, குடுத்ததும் இல்லாமப் போயிரும். என்னால முன்னால வந்து நிக்க முடியாது. நீங்க போய்ச் சொல்லுங்க."

எனக்கு நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். மாட்டேன் என்று சொன்னால் அவளையும் இழந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

மறுநாள் போதகர் பிறந்தநாள்காரர்களை அழைத்தார். நான் எழுந்தேன். ஆண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது.

"வந்துட்டாம்லே நூறு வயசுக்காரன்!"

அவர்கள் மேல் தப்பில்லை. சிரிக்கப் பழக்கியவன் நான்தான். போதகரே சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இந்த வாரமுமா?" என்றார்.

"எனக்கில்ல ஐயா. மகளுக்கு. அஞ்சு வருசம்..." காணிக்கையைத் தட்டில் போட்டு முழங்கால்படியிட்டேன்.

ஒரு சிரிப்பு எப்படி நிற்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வரிசை வரிசையாக நின்றது. கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும், விவரம் எட்டாமல் இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

போதகர் என் தலையில் கைவைத்தார். ஜெபம் வரவில்லை. ஆயுசைக் கூட்டித் தாரும் என்று யாருக்காகக் கேட்பார்? கை மட்டும் கனத்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"நன்றி மட்டும் சொல்லுங்க ஐயா. கேக்கதுக்கு ஒண்ணுமில்ல."

அவர் சொன்னார். சபை முழுக்க ஆமென் சொன்னது. எனக்கு வாய் திறக்கவில்லை. திரும்பி வரும்போது பார்த்தேன். மூன்று மாதமாகக் கண்ணீர் விடாதவள், முந்தானையால் முகத்தை மூடாமல், எல்லாரும் பார்க்க அழுதுகொண்டிருந்தாள்.

அடுத்த தையில் இரண்டு பேருமாக முன்னால் போனோம், அதற்கடுத்த தையிலும் போனோம். நாலாவது வருஷம்தான் என் வாயில் ஆமென் வந்தது. அதுவும் பக்கத்தில் முழங்காலில் நின்றவள் என் தொடையைக் கிள்ளியதால்.