ஆடி வெள்ளியும் பிட் பரீட்சையும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது இது. இடம், அயனம்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தெரு.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அன்று நடந்தது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியாது. பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போனாலும், குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான். படிப்பு பத்தாவது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, கடன் வாங்கி, இந்தத் தெருவில் ஒரு ஃப்ளாட் வாங்கினோம். தெருவில் பழைய குடும்பங்கள் நிறைய. அவர்களோடு நான் பேசியது என்றால் தலையாட்டல்தான்.

என் மனைவி ஒரு கம்பெனியில் டெண்டர் பிரிவில் வேலை செய்கிறாள். டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். தபாலில் டிகிரி படித்து, ஒவ்வொரு படியாக ஏறி, பெரிய டெண்டர்களுக்குப் பதில் தயாரிக்கும் குழுவில் முக்கியமான ஆளாகிவிட்டாள். 'எங்களுக்கு இந்த வேலை ஆக வேண்டும், நீங்கள் எப்படிச் செய்து தருவீர்கள்' என்று ஒருவர் கேட்டால், இன்ஜினியர், வக்கீல், கணக்கு ஆள் என்று பத்துப் பேரிடம் விஷயம் வாங்கி, சொன்ன நாளுக்குள் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் ஆபீசில் இதற்கு 'பிட்' என்று பெயர்.

இந்த வேலைக்கும் உலக அளவில் சான்றிதழ் உண்டு என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கீழ்ப் படிகளை எல்லாம் அவள் முடித்துவிட்டாள். மேல் படிதான் கஷ்டம். அதில் எழுத்துப் பரீட்சை கிடையாது. கம்ப்யூட்டர் வழியாக வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பேர் முன்னால், தன் வேலையில் தான் என்ன மாற்றம் கொண்டுவந்தேன் என்று பேச வேண்டும். பிறகு அவர்கள் குடைந்து குடைந்து கேட்பார்கள்.

முதல் தடவை அவள் தேறவில்லை. காரணம் என்ன தெரியுமா? பேச்சு முழுக்க 'நாங்கள் செய்தோம், நாங்கள் முடித்தோம்' என்றே சொல்லியிருக்கிறாள். 'உங்கள் குழு நன்றாக வேலை செய்கிறது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது தெரியவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

"நான் நான்னு சொன்னா தலைக்கனம் மாதிரி இருக்குங்க. வாயில வரவே மாட்டேங்குது" என்றாள். தோற்றது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆபீசில் அவள் பரீட்சைக்குப் போனதே யாருக்கும் தெரியாது. அந்த வருடக் கடைசியில் பிரிவுக்குப் புதுத் தலைமை போடப் போகிறார்கள், சான்றிதழ் இருந்தால்தான் அவள் பெயர் எடுபடும். அதைவிட, "இந்தத் தடவையும் போச்சுன்னா இனிமே இந்தப் பக்கமே போக மாட்டேன்" என்று அவள் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு.

அதனால் தினமும் சமையல் முடிந்ததும் என் முன்னால் நின்று பேசிப் பழகினாள். எனக்கு அந்த இங்கிலீஷ் புரியாது. ஆனால் 'வீ' என்றால் நாங்கள், 'ஐ' என்றால் நான், அது தெரியும். அவள் 'வீ' என்று சொல்லும்போதெல்லாம் ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவேன். முதல் வாரம் எங்கள் வீட்டில் ஒரே மணியோசைதான். பிறகு குறைந்தது. ஆனாலும் வாய் 'ஐ' என்று சொல்லும்போது முகம் எதையோ திருடியவள் மாதிரி இருக்கும்.

தேதியை அவர்கள்தான் குறித்தார்கள். வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி. ஆபீசில் தெரியக் கூடாது என்று லீவு போட்டு வீட்டிலிருந்தே பேசுவதாக ஏற்பாடு. நானும் லீவு போட்டேன். அது ஆடி வெள்ளி என்பதையும், எங்கள் தெரு அம்மன் கோவிலில் கூழ் ஊற்றும் நாள் என்பதையும் நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

காலையிலேயே குழாய் ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். ஒன்று எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே, மின் கம்பத்தில். மதியத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்று பக்கத்து ஃப்ளாட்டில் சொன்னார்கள். இரண்டரை ஆகியும் நிற்கவில்லை. ஜன்னலை எல்லாம் சாத்தி, இடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்துப் பார்த்தோம். கண்ணாடிதான் அதிர்ந்தது. தேதியை மாற்றக் கேட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது.

அவள் பட்டுப் புடவை கட்டி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஏங்க, கீழ போயி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

கேட்க வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே படி இறங்கினேன். கோவில் வாசலில் பெரிய அண்டாவில் கூழ். பெண்கள் தூக்குவாளிகளோடு வரிசையில் நின்றார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒரு இளைஞர்தான் எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தார். லோடு ஆட்டோ ஓட்டுபவர், முகம் தெரியும். அவர் பக்கத்தில் போய் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"இன்னா அண்ணாத்தே, கூழா? வரிசைல வா."

"இல்ல தம்பி... கொஞ்சம் சத்தம்... வீட்ல பரீட்சை."

"இன்னா பரீட்ச? ஆடி மாசத்துல எவன் பரீட்ச வெக்கிறான்?"

"என் ஒய்ஃபுக்கு. பிட் பரீட்சை."

அந்த வார்த்தையை அங்கே சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

"பிட்டா?" என்று அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "டேய், கேட்டீங்களா? பிட்டு அடிக்கிறதுக்கே பரீட்ச வெச்சிகீறானுங்களாம்டா! முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான்தான் மாமே ஸ்டேட் ஃபர்ஸ்ட்டு!"

எல்லாரும் சிரித்தார்கள். கூழ் வாங்க நின்ற பெண்களும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அது வேற பிட், டெண்டர் சம்பந்தப்பட்டது என்று சொல்லப் பார்த்தேன். பாட்டுச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இத்த பாரு அண்ணாத்தே. ஃப்ளாட்டு ஆளுங்க கூழு குடிக்க வர மாட்டீங்க. போன வருசம் உங்காளு ஒருத்தர் போலீசுக்குப் போன் பண்ணிட்டாரு. இப்ப சவுண்ட நிறுத்துன்னு வந்து நிக்கிற. நாயமா சொல்லு."

அவர் சொன்னது நியாயம்தான். திரும்பிப் போயிருப்பேன். ஆனால் மேலே அவள் உட்கார்ந்திருந்த விதம் கண்ணுக்குள் நின்றது. என்னையும் அறியாமல் வாயில் வந்துவிட்டது: "போன தடவ ஃபெயிலாயிடுச்சு தம்பி. இந்த தடவயும் போச்சுன்னா இனிமே எழுதவே மாட்டேன்னு சொல்லுது."

யாருக்கும் தெரியக் கூடாது என்று அவள் பொத்தி வைத்திருந்த விஷயம் அது.

அவர் என் பக்கத்தில் நெருங்கி வந்தார். "நானு பத்தாவது மூணு வாட்டி எழுதுனவன். மூணாவது வாட்டி பரீட்சைக்கு மொத நாளு எங்க தெருவுல ஒரு சாவு, ராவெல்லாம் பற மோளம்" என்றார். அப்புறம் சவுண்ட் சர்வீஸ்காரரைப் பார்த்து, "டேய், பாட்ட நிறுத்து" என்று கத்தினார்.

பாட்டு சட்டென்று நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். மணி மூன்றைத் தாண்டிவிட்டது, அவள் பேச ஆரம்பித்திருப்பாள். படியில் கால் வைக்கிறேன், பின்னாலிருந்து கொர்ரென்று மைக் சத்தம்.

"அல்லோ... அல்லோ... தெரு ஜனங்களுக்கு ஒரு அறிவிப்பு. நம்ம தெரு ஃப்ளாட்டு அக்கா ஒண்ணு மாடில பிட் பரீட்ச எழுதிகினு கீது. ஏற்கெனவே ஒருவாட்டி ஊத்திகிச்சு. இந்தவாட்டி பாஸாவணும். அதனால ஒரு மணி நேரத்துக்கு பாட்டு கெடையாது, மோளம் கெடையாது, ஆட்டோக்காரங்க ஆரன் அடிக்கக் கூடாது. கூழு வாங்க வர்ற தாய்மாருங்க கம்முனு வந்து கம்முனு வாங்கிகினு போங்க. அக்காவுக்காக ஆத்தாகிட்ட அல்லாரும் வேண்டிக்கங்க. நன்றி, வணக்கம்."

எங்கள் பால்கனிக்கு எதிரே இருந்த குழாயிலும் ஒரு எழுத்து விடாமல் வந்தது.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது? ஆபீசுக்குக்கூடச் சொல்லாததை ஊருக்கே சொல்லியாகிவிட்டது, அதுவும் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து எங்கள் கதவுக்கு வெளியே போய் நின்றேன். தெருவில் அப்படி ஒரு அமைதி. மாடியிலிருந்து பார்த்தால் பம்பைக்காரர்கள் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கூழ் வரிசை ஊமைப் படம் மாதிரி நகர்ந்தது. ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்ததும், "அடுப்ப அமுத்துடி, அக்கா எழுதிகினு கீது!" என்று ஒரு பெண் அதட்டிய சத்தம்தான் விசிலைவிடப் பெரிதாகக் கேட்டது.

உள்ளே அவள் குரல் கேட்டது. எனக்குத் தெரிந்த வார்த்தையை மட்டும் காது தேடியது. ஐ. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஐ. தயங்கித் தயங்கி வரும் பழைய ஐ இல்லை. சாதம் போடவா என்று கேட்பது போல் இயல்பாக வந்தது.

பேசி முடித்துக் கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"ஊத்திகிச்சா? நீங்க சொன்னதா அது?"

"தெரியாம வந்துடுச்சும்மா..."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். மைக் சத்தம் அந்தப் பக்கமும் கேட்டிருக்கிறது. கேள்வி கேட்பவர்களில் ஒரு அம்மா, வெளியே என்ன அறிவிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் ஏதோ கோவில் விழா என்று மழுப்பியிருப்பார்கள். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "போன தடவ நான் தோத்துட்டேன், இந்த தடவ ஜெயிக்கணும்னு எங்க தெருவையே வேண்டிக்கச் சொல்றாங்கன்னு சொன்னேங்க. அதுக்கப்புறம் மறைக்க என்ன இருக்கு?"

அந்த அம்மா சிரித்துவிட்டு, அப்படியானால் நீங்கள் தோற்ற ஒரு டெண்டரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாராம். இவள் சொல்லியிருக்கிறாள். ஒரு ஆஸ்பத்திரி, 'ராத்திரியில் மெஷின் நின்றால் போனை யார் எடுப்பார்கள்' என்று கேட்டிருந்தது. இவர்கள் கம்பெனியின் பெருமையைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அந்தக் கேள்விக்கு ஒரு வரி எழுதினார்கள். "அத அப்படியே அனுப்பலாம்னு முடிவு எடுத்தது நான். தோத்தது என்னாலன்னு சொன்னேன். அதுக்கப்புறம் டெண்டர் விடறவங்க பயம் என்னன்னு போர்டுல எழுதாம ஒரு பக்கம்கூட எழுத விடறதில்ல, அதையும் நான்தான் கொண்டு வந்தேன்னு சொன்னேன். தப்ப நான்னு சொன்ன வாய்க்கு, நல்லத நான்னு சொல்ல கூச்சமே வரலைங்க."

இவ்வளவு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். இவளுக்குள் இப்படி ஒரு நெஞ்சுரம் இருப்பதை அந்த வாசற்படியில் நின்றுதான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் இருவரும் கீழே போய், வெங்காயம் கடித்துக்கொண்டு கூழ் குடித்தோம். எங்கள் ஊரில் இந்தப் பழக்கம் இல்லை, அதுதான் முதல் தடவை. முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மாதமும் தெருவில் அவளால் நிம்மதியாக நடக்க முடியவில்லை. பால் வாங்கப் போனால், "அக்கா, பிட்டு இன்னா ஆச்சு?" இஸ்திரி வண்டிக்காரர் என்னை நிறுத்தி, "ரிசல்ட்டு வந்துச்சா நைனா?" தேறாவிட்டால் தெரு முழுக்கப் பதில் சொல்ல வேண்டுமே என்று நான்தான் பயந்தேன். அவள், "கேட்டா சொல்லிட்டுப் போறேன்" என்றாள்.

விநாயகர் சதுர்த்தி முடிந்து ஒரு நாள் காலையில் தேறிவிட்டதாகத் தகவல் வந்தது. ஆபீசுக்குக்கூடச் சொல்லாமல் அவள் நேராகக் கீழே இறங்கி, ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த அந்தத் தம்பியிடம் போனாள். "தம்பி, பாஸ்!"

"எத்தினி மார்க்குக்கா?"

"மார்க்கெல்லாம் கிடையாது. பாஸ், அவ்ளோதான்."

"அடப்பாவிங்களா, மார்க்கு இல்லாததுக்கா நாங்க பாட்டு மோளம் அல்லாத்தயும் நிறுத்துனோம்?" என்றவர், ஈரக்கையோடு வண்டியில் ஏறி, தெருக்கோடிவரை ஆரனை விடாமல் அடித்துக்கொண்டே போய்த் திரும்பி வந்தார்.

இப்போது அவள்தான் அந்தப் பிரிவுக்குத் தலைமை. பட்டறையிலோ கல்யாண வீட்டிலோ யாராவது, "வீட்ல என்ன வேலை பாக்கறாங்க?" என்று கேட்டால், டெண்டர் என்றால் என்ன, அதில் பதில் எழுதுவது எவ்வளவு பெரிய வேலை, அந்தச் சான்றிதழை அவள் எப்படி வாங்கினாள் என்று நின்று நிதானமாகச் சொல்கிறேன், பஸ்ஸில் இன்னும் அடுத்த ஸ்டாப்பில்தான் இறங்குகிறேன் என்றாலும், என் மனைவியைப் பற்றிப் பேசும்போது மட்டும் எனக்குக் கூச்சம் என்பதே இல்லை.