சுகமாகாதவரின் சாட்சி

சுகமாகாத நோய்க்குப் பின்னால் அறிக்கையிடாத பாவம் ஒன்று இருக்கும் என்று எங்கள் குடும்பம் அப்போது நம்பியது. நானும் நம்பினேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காகத் தில்லிக்கு வந்து, கோல் மார்க்கெட் அருகே அரசாங்கக் குடியிருப்பில் எழுபதுகளைக் கழித்த குடும்பம் அது: என் கணவர், அவருடைய அக்காவான என் மதினி, நான். பிள்ளைகள் இல்லை. அதற்கும் ஒரு காரணத்தைச் சபையில் சிலர் வைத்திருந்தார்கள்.

என் கணவருக்கு இருதய வால்வு கெட்டுப்போயிருந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஏதோ யோசிப்பவரைப்போல நடிப்பார். வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்குழு எங்கள் வீட்டில் கூடும். அதை நடத்திய மூப்பர் கட்டிலருகே முழங்காலிட்டு மனமுருகி ஜெபிப்பார். எழுந்ததும், மறைத்த பாவம் எதுவானாலும் சொல்லிவிடும்படி வற்புறுத்துவார். நான்காவது வாரம் என் கணவர், ஒன்று இருக்கிறது என்றார்.

"ஆபீஸ் பென்சில் மூணு வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன், ஐயா."

சிரிப்புக்காகச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. பொருளைத் திருப்பிக் கொடுத்தால்தான் அறிக்கை முழுமையாகும் என்றார் மூப்பர். திங்கட்கிழமை அந்தப் பென்சில்களைக் காகிதத்தில் சுற்றி, பஸ் பிடித்து, அலுவலகத்துக்கு எடுத்துப்போனவள் நான். அவற்றில் ஒன்று விரல் நீளம்கூட இல்லை. அவருடைய மேலதிகாரி, ஒரு பஞ்சாபிக்காரர், பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தேநீர் வரவழைத்தார். பிறகு இந்தியில் மெதுவாகக் கேட்டார், வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடுகிறாரா என்று. எங்கள் சபையில் அதுவரை எவரும் கேட்டிராத கேள்வி அது.

அன்று மாலையே மதினியிடம், பாவத்தைத் தேடி வருகிறவர்களுக்கு இனி இந்த வீட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். தம்பியை இழந்துவிடுவோம் என்ற பயத்தில் அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மதினியும் நானும் கட்டிலருகே அமர்ந்து வேதாகமத்தின் சங்கீதங்களை வாசிக்கத் தொடங்கினோம். அவற்றில் எத்தனை பேர் கடவுளிடம் நியாயம் கேட்டுச் சண்டைக்கு நிற்கிறார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். கடவுள் அவர்களில் யாரையும் விரட்டவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றிரவுதான் நான் அயர்ந்து தூங்கினேன்.

அறுவைச் சிகிச்சைக்கு முறை வருவதற்குள், அந்தக் குளிர்காலத்தில், என் கணவர் இறந்தார். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போதே பேச்சு காதில் விழுந்தது: பென்சிலோடு நிற்காத பாவம் ஏதோ இருந்திருக்க வேண்டும். இனி அவர் பதில் சொல்ல முடியாது.

இந்திச் சபை கலைந்த பிறகு, ஞாயிறு பிற்பகலில்தான் தமிழர்களான எங்களுக்கு ஆலயம் கிடைக்கும். அந்த ஆண்டு, நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஆராதனையில், சுகம் பெற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொன்னார்கள். நானும் எழுந்தேன். மூப்பர் பரிவோடுதான் தடுத்தார்.

"சுகம் கிடைச்சவங்க சொல்றதுதாம்மா சாட்சி. நீ உட்காரு."

"அவருக்குச் சுகம் கிடைக்கலை, ஐயா. ஆனா கர்த்தர் கடைசி மூச்சு வரைக்கும் எங்க வீட்டைவிட்டுப் போகலை. எதையும் மறைக்காத மனுஷனைத்தான் நாம அடக்கம் பண்ணியிருக்கோம். என் சாட்சி இதுதான்."

யாரோ இருமினார்கள். என் பக்கத்தில் மதினி எழுந்து நின்றார். நான் உட்காரும்வரை அவர் உட்காரவில்லை. போதகர் அடுத்த பாட்டை அறிவித்தார்.

அதன்பின் சில மாதங்கள் எங்கள் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. நாங்களும் இடம் மாறவில்லை. குடியிருப்பைக் காலிசெய்து கரோல் பாகில் ஒற்றை அறைக்குப் போன பிறகும், இரண்டு பஸ் மாறி அதே ஆலயத்துக்கு வந்தோம். மூப்பர் பிற்காலத்தில் நெடுநாள் நோயில் கிடந்தார். நாங்கள் போய்ப் பார்த்தோம், எதுவும் கேட்கவில்லை. அவரும் போய்விட்டார். மதினிக்கு இப்போது காது கேட்பதில்லை; சங்கீதத்தை நான் உரக்க வாசிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் எங்கள் குடும்பம் என்று நாங்கள் இருவர் இருக்கிறோம்.