இரண்டு பேப்பரில் அம்மா

எங்கள் ஊரில் எந்தச் செய்தியும் இரண்டாகத்தான் வரும். அப்பா கட்சிப் பேப்பரில் ஒன்று, மாமா கட்சிப் பேப்பரில் ஒன்று. மாமா அம்மாவுக்கு அண்ணன். இரண்டு பேப்பரும் கோவில்பட்டியிலிருந்து புதூர் போகும் பஸ்ஸில் ஒரே கட்டாக வந்து டீக்கடையில் இறங்கும். அப்பா தன்னுடையதைச் சத்தமாக வாசிப்பார். எழுத்துத் தெரியாதவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள்.

"நம்ம தலைவர்மாரு கட்சி தொடங்குமுன்னே பேப்பர் தொடங்குனவிய. அதுல பொய் வருமா?" என்பார். மாமாவும் தன் தலைவர்களைப் பற்றி இதையேதான் சொல்வார்.

அந்த வருஷம் தேர்தலுக்கு முன்னால் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது, தண்ணீர் வரவில்லை. அம்மா வழக்கம்போல் ஓடைக் கிணற்றுக்கே நடந்தாள். ஊற்று ஊறி ஒரு குடம் நிறைவதற்குள் பாதிப் பொழுது போய்விடும்.

ஒருநாள் அப்பா கட்சிக்காரர்கள் வேனில் டிரம் தண்ணீரோடு வந்தார்கள். குழாய்க்குப் பின்னால் டியூபை மறைத்துச் செருகி, அம்மாவைக் குடத்தோடு நிறுத்தி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். நிறைந்த குடத்தை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கரிசல் காட்டில் குடிநீர் பாய்கிறது என்று பேப்பரில் போட்டிருந்தது. குழாய் காய்ந்துதான் கிடக்கிறது என்று அம்மா சொன்னதற்கு, பேப்பரிலேயே வந்துவிட்டது, இனி வராமல் போகுமா என்றார் அப்பா.

மறுநாள் மாமா கட்சிக்காரர்கள் வந்தார்கள். அதே குழாய், அதே சேலை. குடத்தைக் கவிழ்த்துவைத்து, முந்தானையைக் கண்ணில் ஒற்றச் சொன்னார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டதால் இரண்டாம் தடவையும் எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தப் படமும் வந்தது. டீக்கடையில் அப்பாவைக் கேலி பண்ணித் தீர்த்துவிட்டார்கள். அவர் இரண்டு பேப்பரையும் கொண்டுவந்து அம்மா முன்னால் போட்டு, அண்ணன் பேச்சைக் கேட்டுப் புருஷன் மானத்தை வாங்கிவிட்டாயே என்று கத்தினார்.

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "அவியளும் ஒரு குடம் தாரோம்னாவ. நம்ம கட்சித் தண்ணி மறுநாளே தீந்துட்டுல்லா."

அடுத்த நாள் பஸ் வரும் நேரத்துக்கு, அப்பா சைக்கிளில் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார்.

எனக்கோ பெருமை பிடிபடவில்லை. இத்தனை காலம் பேப்பர் வாசித்தும் தன் படம் ஒருநாளும் வராமல், அம்மாவின் படம் இரண்டிலும் வந்துவிட்டதே என்ற பொறாமையில்தான் அப்பா டீக்கடைக்குப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.