நடுவரின் உள்ளங்கையில் எண்ணெய்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் நாங்கள் இருக்கும் சீசா பகுதியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு பள்ளிக்கூடத்தின் உள்ளரங்கு. என் மகளுக்கு அன்றைக்கு மல்யுத்தப் போட்டி.

பெண்பிள்ளை, மல்யுத்தம் என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அவள் முதன்முதலில் வந்து கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. "கண்டறியாத விளையாட்டு" என்று கத்தினேன். யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தால் இப்படி ஒரு பேச்சு வீட்டுக்குள் வந்திருக்குமா என்று மனைவியோடும் சண்டை பிடித்தேன். நான் அப்படித்தான். முதலில் கத்திவிட்டுப் பிறகுதான் யோசிப்பேன். மனைவி ஒன்றும் பேசாமல் மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு போர்கோ வெக்கியோவில் இருந்த பயிற்சிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மனைவிக்கே அதில் பைத்தியம் பிடித்துவிட்டது. அலுவலகம் ஒன்றைத் துப்புரவாக்கும் வேலை முடிந்ததும் நேரே அந்தக் கூடத்துக்குப் போய் மூலையில் இருந்து பார்ப்பாள். பயிற்றுநர் பெடியனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு விதியெல்லாம் படித்துவிட்டாள். எதிராளியை விழுத்தினால் எத்தனை புள்ளி, வட்டத்துக்கு வெளியே கால் வைத்தால் எத்தனை, இரண்டு தோளும் மெத்தையில் பட்டால் ஆட்டம் அதோடு முடிந்தது என்று தேங்காய் துருவிக்கொண்டே எனக்குச் சொல்லுவாள். நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டு "ஓம், ஓம்" என்பேன். "உந்த ஓம் ஒண்டுக்கும் உதவாத ஓம்" என்று சிரிப்பாள். நான் ஒரு போட்டிக்கும் போனதில்லை.

அந்தப் போட்டிக்கு முந்தின ஆடியில் மனைவி போய்விட்டாள். புற்றுநோய். கண்டுபிடித்ததற்கும் காடாத்திச் சாம்பல் எடுத்ததற்கும் நடுவில் சில மாதங்கள்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சண்டை இல்லை. பேச்சும் இல்லை. பொலித்தேயாமா அரங்குப் பக்கத்தில் ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியை, சிஞ்ஞோராவை, பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. போதாததற்கு மாலையில் இன்னொரு வீட்டு வேலையும் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, அதுதான் உண்மை. மகள் பள்ளிக்கூடம் போனாள், பயிற்சிக்குப் போனாள், சமைத்து மூடி வைத்தாள். "சாப்பிட்டியோ?" "ஓம்." இவ்வளவுதான் எங்கள் கதை. அவளுக்கு முன்னால் நான் அழவில்லை. எனக்கு முன்னால் அவளும் அழவில்லை. அது தைரியம் என்று நான் நினைத்திருந்தேன்.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பயிற்றுநர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். முந்தின வருடம் தாய் ஆஸ்பத்திரியில் இருந்ததால் மகள் போட்டிக்கே போகவில்லையாம். அந்த வயதுப் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வருடமாம். அவளுடைய எடையில் சிசிலி முழுக்க இரண்டே பிள்ளைகள்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆகவே ஒரே ஆட்டம். அதில் வென்றால் கடல் தாண்டிப் போய் நாடு முழுவதற்குமான போட்டியில் ஆடலாம். "நீங்கள் வரவேண்டும்" என்றார். இதையெல்லாம் என் பிள்ளை என்னிடம் சொல்லவேயில்லை. சிஞ்ஞோராவிடம் அரைநாள் லீவு கேட்டேன்.

அன்று காலை தேத்தண்ணி குடிக்கும்போது மகள் தோளை ஒரு பக்கமாக அசைத்துக்கொண்டிருந்தாள். "நோகுதோ?" என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றாள். அப்போதுதான் வெள்ளிக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. மனைவி இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை விடிந்தால் மகளின் தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிடுவாள். கடை எண்ணெய் வைக்கமாட்டாள். தேங்காயெண்ணெயில் வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டு அவளே காய்ச்சி வைப்பாள். கடைசியாகக் காய்ச்சிய போத்தல் குசினி மேல்தட்டில் அப்படியே இருந்தது. நாங்கள் இருவரும் அதைத் தொடவில்லை.

என்ன நினைத்தேனோ தெரியாது, எட்டி எடுத்தேன். குளிருக்கு எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. சுடுதண்ணீருக்குள் வைத்து இளக்கினேன்.

"இஞ்சை வா பிள்ளை, இரு" என்றேன்.

அவள் உடனே வரவில்லை. போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து கதிரையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். எனக்கு அளவு தெரியாது. உள்ளங்கை நிறைய ஊற்றி உச்சியிலிருந்து பிடரி வரை தேய்த்தேன். நோகிற தோளிலும் பூசி அழுத்திவிட்டேன். எனக்குப் பின்னத் தெரியாது என்பதால் தலையை அவளே பின்னிக்கொண்டாள். ஒரு சொல் பேசவில்லை. பிள்ளைக்குச் சுகமாக இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

உள்ளரங்கு ஐஸ்பெட்டிபோல் குளிர்ந்து கிடந்தது. நான் பார்வையாளர் வரிசையில் மேல்வாங்கில் போய் இருந்தேன். நடுவர் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும், முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். ஒரு கையில் சிவப்புப் பட்டி, மறுகையில் நீலப் பட்டி. மகள் நீல உடை. நீலப் பட்டி கட்டிய கை உயர்ந்தால் எங்களுக்குப் புள்ளி. என் மல்யுத்த அறிவு அவ்வளவுதான்.

தொடங்க முதல் நடுவர் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சோதித்தார். நகம் பார்த்தார், காது பார்த்தார். மகளின் தோளிலும் பிடரியிலும் கையை வைத்தவர் முகத்தைச் சுளித்து ஏதோ சொன்னார். மகள் தலையாட்டிவிட்டுப் பயிற்றுநரோடு ஓடினாள். திரும்பி வரும்போது தோள் தேய்த்துச் சிவந்திருந்தது. தலையில் ஒரு தொப்பி. நடுவர் திரும்பவும் தொட்டுப் பார்த்தார், விரலை உயர்த்தி எச்சரிப்பதுபோல் ஏதோ சொன்னார், பிறகு சரி என்று விட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோட்டைக் கழற்ற மறந்துவிட்டாளாக்கும் என்று நினைத்தேன். விளங்கப்படுத்த வேண்டிய மனைவி இல்லாத பக்கத்து இடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

ஆட்டம் தொடங்கியது. ஐயோ, என் பிள்ளையை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். வீட்டில் நிலம் அதிராமல் நடக்கிற பெட்டை, புலிபோல் பாய்ந்து எதிராளியின் காலைப் பிடித்து விழுத்தினாள். நீலக்கை உயர்ந்தது. திரும்பவும் விழுத்தினாள். திரும்பவும் நீலக்கை. நான் வாங்கில் எழும்பி நின்றுவிட்டேன்.

அந்தச் சிவப்புப் பிள்ளை மகளின் கழுத்தைச் சுற்றிப் பிடித்தாள். பிடித்த கை சடாரென்று வழுக்கியது. பாரம் முழுக்க அவளுடைய முழங்கையில் விழுந்தது. பிள்ளை சுருண்டு படுத்து அழுதாள். நான் கை தட்டினேன். கடவுளே, நான் கை தட்டினேன்.

நடுவர் விசிலை ஊதி, ஓடிப்போய் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். மகளின் பிடரியைத் தொட்டுப் பார்த்தார். மேசையில் இருந்த மற்ற இரண்டு அதிகாரிகளிடம் போய்க் கதைத்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பிறகு நடுவர் இரண்டு பேரையும் நடுவில் நிறுத்தி, அழுதுகொண்டு நின்ற சிவப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து உயர்த்தினார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். நான் படிகளில் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. மெத்தை ஓரத்தில் நின்று எனக்குத் தெரிந்த இத்தாலியன் முழுவதையும் கொட்டினேன். கறுத்த பிள்ளை வெல்லக்கூடாது என்றுதானே நிறுத்தினீர்கள் என்றேன். உங்கள் வீடுகளைக் கழுவுவதற்கு மட்டும் நாங்கள் வேண்டுமோ என்றேன். மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அப்பா, வேண்டாம். அவ பிழை விடேல்லை. வாங்கோ, போவம்" என்றாள். நான் கையை உதறிவிட்டேன்.

அந்த நடுவர் கோபிக்கவில்லை. என்னை வெளியே அனுப்பச் சொல்லவும் இல்லை. கிட்ட வந்து உள்ளங்கையை விரித்து என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். கை மினுங்கியது. வெந்தயமும் கறிவேப்பிலையும் மணந்தது.

அவர் ஆறுதலாக, எனக்கு விளங்கும்படி சின்னச் சின்ன வார்த்தைகளில் சொன்னார். உடம்பில் எண்ணெய் இருந்தால் மல்யுத்தம் ஆடக்கூடாது. பிடி வழுக்கும். வழுக்கினால் கை முறியும், சிலவேளை கழுத்தும் முறியும். முதலே கண்டு துடைக்கச் சொன்னாராம். குளிரில் தலை எண்ணெய் உறைந்து இருந்ததால் துடைத்தது போதும் என்று நம்பி விட்டாராம். ஆடத் தொடங்கிச் சூடு ஏறியதும் இளகி வழிந்திருக்கிறது. திரும்பக் கண்டால் ஆட்டத்தை நிறுத்துவேன் என்று மகளிடம் சொல்லித்தான் தொடங்கினாராம். அந்தப் பிள்ளை விழுந்தபோது தான் பயந்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு கேட்டார், யார் பூசியது என்று.

"நான்தான்" என்றேன்.

அவர் கையைக் கீழே விட்டார். "எனக்குக் கவலையாக இருக்கிறது, ஆனால் மாற்ற முடியாது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். கறுப்பு வெள்ளை என்று நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மற்றப் பிள்ளை முழங்கையில் ஐஸ் வைத்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய தகப்பனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். என்னத்துக்கு என்று விளங்காமலே அந்த மனுசன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பஸ்ஸில் மகள் யன்னல் பக்கம் இருந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது.

"உனக்கு உந்த விதி தெரியாதோ பிள்ளை?"

"தெரியும்."

"தெரியுமோ?"

"அம்மாக்கும் தெரியும். மட்ச் இருக்கிற வெள்ளிக்கிழமையிலை அம்மா எண்ணெய் வைக்கிறேல்லை."

எனக்குத் திரும்பவும் கோபம் வரப் பார்த்தது. "பிறகேன் சும்மா இருந்தனி? வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா போனாப்பிறகு நீங்கள் அந்தப் போத்தலைத் தொட்டது இண்டைக்குத்தான். என்ரை தலையைத் தொட்டதும் இண்டைக்குத்தான். வேண்டாம் எண்டு சொன்னால் திருப்பி மேலை வைச்சுப்போட்டுப் போயிருப்பீங்கள். பிறகு எடுத்திருக்கவே மாட்டீங்கள்." தோளைத் தடவிக்கொண்டே, "அங்கை போய்க் கழுவலாம் எண்டு நினைச்சன் அப்பா. குழாயிலை பச்சைத்தண்ணிதான் வந்தது. எண்ணெய் போகேல்லை" என்றாள்.

நான் பஸ்ஸில் அழுதேன். மனைவியைத் தகனம் செய்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. மகள் என் சட்டைக் கையைப் பிடித்து, "அழாதேங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்றாள். சொன்னவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். நாங்கள் இறங்கவேண்டிய இடம் போய்விட்டது. அடுத்த தரிப்பில் இறங்கி, இருவருமாக வீட்டுக்கு நடந்தோம். வழி முழுக்க அவள் தாயைப் பற்றிக் கதைத்தாள். நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருடம் அவள் பெரிய பிள்ளைகளின் பிரிவுக்குப் போனாள். சில ஆட்டங்கள் வென்றாள், பல தோற்றாள். கடல் தாண்டும் வாய்ப்பு அதற்குப் பிறகு வரவில்லை. நான் இப்போது ஒரு போட்டியும் தவறவிடுவதில்லை. விதிகளையும் அவளிடம் கேட்டுப் படித்துவிட்டேன். நடுவரின் கை ஏன் உயர்கிறது, ஏன் உயரவில்லை என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. யாராவது ஒரு தகப்பன் நடுவரைப் பார்த்துக் கத்தினால் எழும்பி வெளியே போய் நின்றுவிடுவேன்.

அந்த நடுவர் கொடுத்த தீர்ப்பை நான் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஆனால், தகப்பனின் கை ஒருமுறை தலையில் படுவதற்காக, இத்தனை நாள் உழைத்த ஆட்டத்தையே விட்டுக்கொடுக்கலாம் என்று நினைக்கும் அளவுக்கு ஒரு பிள்ளையை அந்த வீட்டுக்குள் தனியே விட்டு வைத்திருந்தேனே, அதை மட்டும் இன்றைக்கும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.