அக்காவின் இடுப்பு வார்

பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேட்டு லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அதே லயத்தில் கண்மூடிய எங்கள் அக்காவின் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ஊர் ஊராகத் திரிந்த தம்பி எழுதுகிறேன். மெருகு இருக்காது.

அம்மா இறந்தபின் எங்களை வளர்த்தவர் அக்கா. குடியுரிமை இல்லையென்று நம்மை ஒதுக்கிய ஆண்டுகளிலும் காய்ச்சலோடு கொழுந்து பறித்தார். முதுகில் கூடையும் காலடியில் மலைச் சரிவுமாக இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. அந்தக் காலை ஊன்றினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். நிற்க முடியாதவருக்குத் தோட்டத்தில் வேலை இல்லை.

ஹட்டன் டாக்டர் சொன்னபடி, சேணம் தைக்கும் முஸ்லிம் நானா ஒருவர் இடுப்பையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் தோல் வார் தைத்துக் கொடுத்தார். வலி போகவில்லை. ஆனால் அக்கா சாயாமல் நின்றார். மறுபடி மலைக்குப் போனார். கூடக் கொழுந்து பறிப்பவள் ஒருத்தி கேலி செய்தாள்.

"என்னக்கா, பெல்ட்டெல்லாம் கட்டித் தோட்டத்துத் தொரை ஆயிட்டீங்களா?"

"ஆமாடி, நாளைக்குக் காலையில பெரட்டுல பேரு கூப்பிடறப்ப ஒன்னையத்தான் மொதல்ல வெரட்டுவேன்."

அவர் இறப்பதற்கு முந்திய ஆண்டு, மாரியம்மன் திருவிழாவில் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். கோயில் படியில் கமிட்டித் தலைவர் மறித்தார்.

"தோலைக் கட்டிக்கிட்டு ஆத்தா முன்னாடி வரலாமா? அவுத்து வச்சுட்டு வாங்க."

"அப்ப அங்க அடிக்கிற தப்பு மோளத்துல கட்டியிருக்கறது என்ன, வாழ எலையா? இது இல்லாட்டி நான் நிக்க மாட்டேங்க."

"படி ஏறுற நேரந்தானே? ஆத்தா தாங்கிக்குவா."

சுற்றி நின்ற சொந்தக்காரர்கள், உங்களில் பலர், "அவுத்துரு அக்கா, குத்தமாயிரும்" என்றீர்கள். நான் போட்ட சத்தம் தப்புச் சத்தத்தில் அமுங்கிப்போனது. அக்கா அவிழ்த்தார். பால் சிந்தி வழுக்கிய படியில் இடது காலை ஊன்றினார். சாய்ந்தார். இரண்டு கைகளும் குடத்தைப் பிடித்திருந்தன. இடுப்பெலும்பு முறிந்தது.

அதன்பின் அவர் எழவேயில்லை. "என்னைய ஒரு தடவ நிக்க வையி தம்பி" என்று கேட்பார். இரண்டு பேர் தாங்கியும் முடியவில்லை. படுக்கைப் புண்ணும் சளியும் அவரை முடித்தன.

விழுந்த அன்று அக்காவைக் கம்பளியில் கிடத்தி ரோடுவரை சுமந்தவர்களுக்கும், லொறியில் ஏற்றிக்கொண்ட சிங்களச் சாரதிக்கும், முகம் சுளிக்காமல் படுக்கை மாற்றிய அண்ணன் மகளுக்கும் நன்றி. இன்றைக்குப் பந்தலும் விறகும் கொடுத்த கோயில் கமிட்டியையும் சேர்த்து எழுதச் சொன்னார் அக்காவின் கணவரான அத்தான். பந்தல் நல்ல பந்தல்தான். நன்றி எழுத மாட்டேன்.

அக்காவை ஆத்தா அழைத்துக்கொண்டாள் என்று பேசிக்கொண்டு யாரும் இன்று பந்திக்கு உட்கார வேண்டாம். ஆத்தா அழைக்கவில்லை. நீங்கள் அவிழ்க்கச் சொன்னீர்கள்.