குழம்பு வாளி

வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் சபையில் அசனம். கோயில் வளாகத்தில் ஊரே வரிசையாக உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடும். என் அண்ணனுக்கு மீசை முளைத்த நாளிலிருந்து குழம்பு வாளி அவன் கையில்தான். இலைக்கு வெளியே ஒரு சொட்டு சிந்தமாட்டான்.

போன வருஷம், முத்தையாபுரத்தில் அவன் ஒரு ஆணோடு சேர்ந்து வாழ்வது சபைக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் அவனே முன்பு சொல்லியிருந்தான். அசனத்துக்கு முந்தின வாரம் எங்கள் போதகர் வீட்டுக்கு வந்தார். போதகரை நாங்கள் ஐயர் என்போம்.

"தம்பி வரட்டும், சாப்பிடட்டும். ஆண்டவர் பாவியத் தள்ளல. பரிமாற மட்டும் வேண்டாம். வேணும்னா சட்டி கழுவட்டும்."

நரகம் என்று கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அன்பு என்று சொல்லிக்கொண்டு சட்டி கழுவச் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாசிக்கத்தான், கேள்வி கேட்க அல்ல. அன்று கேட்டேன்.

"எந்த வசனத்துல ஐயரே பரிமாறக் கூடாதுன்னு இருக்கு?"

"ஆணோட ஆண் சேரக் கூடாதுன்னு மோசே சட்டத்துல இருக்குல்லா?"

"எறா திங்கக் கூடாதுன்னும் அதே சட்டத்துல இருக்கு. நம்ம கமிட்டித் தலைவரு எறா ஏத்துமதிதான பண்ணுதாரு? அவரு பரிமாறலாமா?"

"அது பழைய ஏற்பாடும்மா. புதிய ஏற்பாட்டுல பவுலும் சொல்லுதாரே."

"பவுலு சொன்னது அடிமைப் பிள்ளைகளக் கெடுத்தவனுவளத்தான், மனசு ஒத்து வாழுறவங்கள இல்லன்னு பக்கத்துச் சபை ஐயர் சொல்லுதாரு."

"அவரு நேத்து செமினரி முடிச்ச பையன்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏளா, ரெண்டு ஐயரும் ஒரே வேதத்தத்தான படிச்சாங்க?" என்று என்னிடம் கேட்டாள். ஐயர், படித்த பிள்ளைக்கு வாய் நீளம் என்று சிரித்தபடி எழுந்து போனார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அசனத்தன்று அண்ணன் வந்தான். வேட்டியை மடித்துக் கட்டி, குழாயடியில் அண்டா தேய்த்தான்.

"உனக்கு ரோஷமே இல்லையாண்ணே?"

"இதுவும் நம்ம கோயில்தானளா," என்றான். அவன்மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

பந்தியில் நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சோறு வைத்தார்கள். குழம்பு வந்தபோது அம்மா இலையின்மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்தாள். பரிமாறிய ஆள் விழித்தான். நானும் என் இலையை மறைத்தேன். பக்கத்துப் பெண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கடைசியில் ஐயரே குழம்பு வாளியோடு வந்தார்.

"கைய எடுங்கம்மா. நான் ஊத்துதேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "உங்க கையில எனக்கு ஒரு கொறையும் இல்ல ஐயரே. எம் மவன் கையில உங்களுக்கு என்ன கொற?"

குழாயடியில் தேய்க்கிற சத்தம் நின்றது. ஐயர் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார்.