ஆஞ்சப்பன் நகர்த்தாத கோடு

ஆஞ்சப்பனைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய கெட்ட பழக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எழுதிக்கொள் என்று அவரே சொல்லிவிட்டார். சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக டிராயிங் போடுகிறவர். கார் பாகங்களை மெஷினில் அசையாமல் பிடித்து வைக்கும் ஃபிக்சர்கள்தான் எங்கள் சரக்கு. செய்து முடித்ததை அளந்து பார்ப்பது என் வேலை.

பழக்கம் இதுதான். வாடிக்கையாளர் போன் செய்து, ஒரு துளையை நாலு மில்லிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்வார். முறையாகச் செய்தால் கம்ப்யூட்டரில் அந்தத் துளையின் கோடுகளை நகர்த்த வேண்டும். அதோடு இன்னும் பத்துக் கோட்டையும் நகர்த்த வேண்டிவரும். ஆஞ்சப்பன் கோடுகளைத் தொட மாட்டார். 48 என்று இருக்கும் இடத்தில் 52 என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். மெஷினில் நிற்கும் மாதேஷ் எண்ணைப் படித்துத்தான் துளை போடுவார். அதனால் ஒரு சேதமும் வந்ததில்லை. கேட்டால், "நான் ஒருத்தன்தான் பண்றேனா?" என்பார்.

போன வருடம் கம்பெனி முப்பரிமாணத்துக்கு மாறியது. இனி தட்டைப் படம் கிடையாது. பொருளையே திரையில் முழுசாக உருவாக்கி, அந்த மாடலை நேரே, உருவத்தைப் பார்த்துத் தானாகவே வெட்டும் சிஎன்சி மெஷினுக்கு அனுப்ப வேண்டும். ஆஞ்சப்பனுக்கு அது பிடிபடவே இல்லை. இந்தப் பக்கம் திருப்பினால் உருவம் அந்தப் பக்கம் ஓடியது. "எனக்கு மூளைக்குள்ளயே எல்லாம் திரும்பும். ஸ்கிரீன்ல எதுக்குத் திருப்பணும்?" என்று ஜம்பமாகப் பேசிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். அவருடைய பழைய படங்களை மாடலாக்கும் வேலை சுசித்ராவுக்குப் போனது. தளி ஊர்ப் பக்கத்துப் பெண். சேர்ந்து பத்து மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஆஞ்சப்பன் எண்ணை மட்டும் மாற்றியிருந்த ஒரு படம் அவளிடம் வந்தது. அவள் அதன் கோடுகளை அப்படியே உள்ளே கொண்டுவந்து, அதன்மேல் உருவத்தை எழுப்பினாள். யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். கோடு 48இல் நின்றது. மாடலும் அப்படியே வந்தது, மெஷினும் அப்படியே போட்டது. அப்படிச் செய்த பன்னிரண்டு ஃபிக்சரையும் அளந்து கழித்துக்கட்டியது நான்தான்.

மீட்டிங்கில் மேனேஜர் ஜெகதீஷ் பழைய டிராயிங்கின் தாளை மேசையில் போட்டார். "அம்பத்திரண்டுன்னு கொட்டை எழுத்துல இருக்குது. இதைக்கூடப் பாக்காம வேலை செஞ்சா உன்னை எப்படிம்மா பர்மனன்ட் பண்றது?"

"என் தப்புதான் சார்," என்றாள் சுசித்ரா.

தாளைப் பார்த்ததுமே ஆஞ்சப்பனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் மனுஷனை அங்கேயே நாலு கேட்டிருப்பேன்.

சாப்பாட்டு நேரத்தில் சுசித்ரா அவர் மேசைக்கு வந்தாள். "அண்ணா, அந்தப் படத்துல கோடு நாப்பத்தெட்டுலதான் இருக்குது. உள்ள கொண்டுவரும்போது நான்தான் நகர்த்திட்டேனோ என்னமோ. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? உங்க படத்துல அப்படியெல்லாம் இருக்காதுல்ல."

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே நம்பிக் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று ஆஞ்சப்பன் பிறகு என்னிடம் சொன்னார். டிபன் பாக்ஸை மூடிவைத்தார்.

"நீ நகர்த்தலம்மா. நான்தான் நகர்த்தல," என்றார்.

அவளையும் கூட்டிக்கொண்டு ஜெகதீஷ் அறைக்குப் போனார். அளவு சரிபார்க்க வேண்டியிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், காலை மீட்டிங்கில் ஊமையாக இருந்ததையும் சேர்த்து. ஜெகதீஷ் கத்தவில்லை. ரிப்போர்ட்டில் சுசித்ராவின் பெயரை அடித்துவிட்டு, ஆஞ்சப்பன் பெயரை எழுதினார்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை படம் இருக்குது?"

ஆஞ்சப்பன் யோசித்தார். எந்தப் படத்தில், எந்த வருடத்தில், எத்தனை தடவை என்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "தெரியலைங்க சார்."

சுசித்ராவுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"பரவாயில்லைண்ணா," என்றாள், ஆறுதலாகத்தான். "இனிமே உங்க படம் எது வந்தாலும், ஒவ்வொரு கோடா நானே அளந்து பாத்துக்கறேன்."

ஆஞ்சப்பன் தலையை ஆட்டினார். அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.